பதினோரு வீடியோ

"பதினோரு வீடியோவையும் அழிச்சுட்டேனுங்க."

செம்மேட்டில் இருந்து நாமக்கல்லுக்கு இறங்கும் பஸ். முன் சீட்டுப் பெண் இதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த அவள் கணவன் திரும்பிப் பார்த்தான்.

"மூணு வாரம் கதவைச் சாத்திக்கிட்டு எடுத்ததாச்சே! கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறப்ப தப்பு வந்தா, நீ செஞ்சு சேர்த்த எக்ஸ்டென்ஷன் அதைத் தமிழ்ல படிச்சுச் சொல்றதை நல்லாத்தானே காட்டியிருந்த?"

"பாக்கறவங்களுக்கு நல்லாத்தான் இருக்குது. நான் அந்த எக்ஸ்டென்ஷனையே கண்ணு தெரியாதவங்களுக்குன்னுதானே செஞ்சேன்? நேத்து ஒருத்தரு பேசி அனுப்பியிருந்தாரு. பார்வை இல்லாதவரு. 'இங்க அழுத்துங்க, இங்க அழுத்துங்கன்னு சொல்றீங்களே, இங்கன்னா எங்கங்க?'ன்னு கேட்டாரு. கோவமாக்கூடக் கேக்கலீங்க."

பஸ் இரண்டு வளைவு திரும்பி இறங்கியது.

"மறுபடி எடுக்கப்போறயா?"

"முடியலீங்க. தொண்டையே கட்டிப்போச்சு. ஆனா அவரு இதை வெச்சுத்தான் படிச்சு வேலைக்குப் போகோணும்ங்கறாரு."

கணவன் மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டான்.

"லேப்டாப் எம்மடியில இருக்குதுன்னு வெச்சுக்க. எந்த விரலை எங்க வெக்கோணும்னு சொல்லு கண்ணு."

அவள் ஜன்னலில் சாய்ந்திருந்த தலையை எடுக்கவே இல்லை. கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"கீபோர்டுல உங்களுக்குக் கிட்ட இருக்கற வரிசை. அதுல இடது ஓரத்துக் கடைசி பட்டன். அங்க இடது சுண்டுவிரலை வைங்க."

அவன் மடியைத் தடவிப் பார்த்து விரலை வைத்தான்.

"வெச்சுட்டேன். அடுத்தது?"