வீடு பார்க்கப் போனவளின் பருப்பு

திண்டுக்கல்லில் தனியாகப் போய் வாடகை வீடு பார்த்துவிட்டு வந்த பொண்டாட்டியும், அங்கே வேலை பார்க்கும் புருஷனும் வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

“வீடு பாக்கப் போற எடத்துக்கு இந்தப் பருப்புப் பொட்டலம் எதுக்குடி?”

“உப்புத் தண்ணியில பருப்பு வேகாதுல்ல. கெணத்துத் தண்ணியில வேகவச்சுப் பாக்க, அந்த வீட்டம்மாகிட்ட அடுப்பு கேட்டேன். நான் பசியோட வந்திருக்கேன்னு நெனச்சு எலை போட்டுட்டாக.”

“சாம்பார்ல பருப்பு வெந்திருந்துச்சா?”

“நல்லா வெந்திருந்துச்சு. ஆனா அது வெலைக்கு வாங்குற வண்டித் தண்ணியாம். கெணறு உப்புதான்.”

“போச்சு. இதையும் வேணாம்னுட்டியா? இன்னும் எம்புட்டு நாளைக்கு நான் ஓட்டல் சோறு திங்க?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சாப்ட்ட வாயால வேணாம்னு சொல்ல வரல. வெள்ளிக்கெழம பால் காச்சுறோம்னு சொல்லிட்டேன்.”