வானம் பச்சையான இரவு

வானம் ஏன் இன்றைக்கு இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று கேட்கிறீர்களா? மூடுபனி. எண்ணெய்க் கிணற்றில் வருகிற வாயுவைக் கொளுத்தி விடுகிறார்கள். அந்த வெளிச்சம் பனியில் ஏறிப் பரவுகிறது. சிவப்புக்கு நாங்கள் பயப்படுவதில்லை. பச்சைக்குத்தான்... அடுப்பை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்கள், சொல்கிறேன்.

அன்றைக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. பஸ்ராவுக்கு வடக்கே, நாணல் காட்டுக்கு நடுவே போகிற கரைச்சாலை. என் கூட்டாளி தாமிருடைய மச்சான் சாசிப், பிக்கப் வண்டியில் தனியாக வருகிறான். எண்ணெய் வயலின் வாசல் காவல்காரன் அவன்.

அந்த வாரம்தான் அவன் பக்கத்து வீட்டு ஹஸ்னாவை அடக்கம் செய்திருந்தார்கள். அவளுக்கு முன்னாலேயே மகன் சஜ்ஜாத் போய்விட்டான். நாலு வயது. ரத்தப் புற்றுநோய். அந்த நெருப்பின் புகையைக் குடிக்கிற எங்கள் ஊரில் எந்தத் தெருவில் அது இல்லை?

பையன் உயிரோடு இருந்தபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் அந்த வாசலுக்கு வருவாள். சாசிபை அவன் மகள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"பனீன் வாப்பா, உள்ள விடு. உன் பெரிய அதிகாரி இவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கட்டும். பாத்துட்டு அப்புறம் அந்த நெருப்ப எரிய விடட்டும்."

"போயிடு சஜ்ஜாத் உம்மா. உனக்காக என் சோத்துல நானே மண்ணப் போட்டுக்கவா?"

ஒருநாள் துப்பாக்கியால் நெட்டித் தள்ளினான். பையன் கீழே விழுந்தான். அழவில்லையாம்... அழத் தெம்பு இல்லை.

சரி, அந்த இரவு. அந்த நெருப்பு இரைந்துகொண்டே இருக்கும், தெரியுமல்லவா? அந்த இரைச்சல் மட்டும் சட்டென்று நின்றது. அழுகிய முட்டை நாற்றம். தவளைகள்கூட அடங்கிவிட்டன. நிமிர்ந்து பார்த்தால்... வானம் முழுக்கப் பச்சை. தண்ணீர்த் தொட்டியில் பிடித்த பாசி மாதிரி.

சாலை நடுவே ஒரு பெண். கறுப்பு அபாயா அங்கி. தோளில் குழந்தை. நாணலின் நிழலெல்லாம் நெருப்புக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறது. அவள் நிழல் மட்டும் நெருப்பை நோக்கி நீண்டு கிடந்தது.

சாசிப் நிறுத்தவில்லை. வண்டியை ஓரமாக வளைத்து மிதித்தான். கண்ணாடியில் பார்த்தான். பின்னால் யாருமில்லை. பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது. ஆஸ்பத்திரி வாடை.

"பயப்படாத, பனீன் வாப்பா. உன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன்."

திரும்பிப் பார்க்க அவனால் முடியவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது இருக்கை காலி. வானம் பழையபடி சிவந்திருந்தது.

உள்ளே அவன் மகள் பனீன் விழித்திருந்தாள். ஆறு வயது. கட்டிலின் விளிம்பில் ஒடுங்கிப் படுத்திருந்தாள்.

"ஏன்டி ஓரத்துல படுத்திருக்க?"

"சத்தம் போடாதீங்க வாப்பா. சஜ்ஜாத் உம்மா வந்து இவன விட்டுட்டுப் போனாங்க. இப்பதான் தூங்குறான்."

கட்டிலின் மற்றப் பாதி வெறுமையாக இருந்தது.

மறுநாள் கம்பெனியில் கேட்டான். "பச்சையா? என்னத்தக் குடிச்ச?" என்று சிரித்தார்கள். ஊரில் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது.

சாசிப் வேலையை விட்டான். எந்த வேலைக்காக அவளைத் தள்ளினானோ, அதே வேலையை. பெண்டாட்டி பிள்ளையோடு நஜஃப் நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே இரவு இரவாக இருக்கும். நெருப்பு இல்லை, நாற்றம் இல்லை. முதல் ராத்திரி பனீன் அசந்து தூங்கினாள். அவனும் வெகுநாளைக்குப் பிறகு தூங்கினான்.

காலையில் ரொட்டி வாங்கப் போகலாமென்று அவள் கையைப் பிடித்தான். மணிக்கட்டில் நீலமாக ரத்தம் கட்டியிருந்தது. விரல் தடம். ஐந்து விரல்... அவளுடைய விரலைவிடச் சின்னவை.

அடுத்த வாரம் அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்த டாக்டர், ரத்தப் புற்றுநோயில் இப்படி ரத்தம் கட்டுவது சகஜம் என்றாராம்.