சுத்தமாகப் பத்தாயிரம்

மேடையில் அமர்ந்திருக்கும் தயாரிப்பாளர் பெருமக்களே, கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் வேலை நாளில் பிரிக்பீல்ட்ஸ்வரை வந்திருக்கும் நண்பர்களே, கணவரை இழந்து நிற்கும் இராஜம்மா அக்கா அவர்களே, வணக்கம்.

கணக்காளர் திரு தம்புசாமி அவர்கள் உத்தமர் என்று இதுவரை ஏழு பேர் பேசிவிட்டீர்கள். அவர் உயிரோடிருந்தபோது இந்த அன்பை நான் பார்த்ததில்லை. இப்போது மட்டும் ஏன்?

நான் அவருடைய நண்பன் அல்லன். அதே மாடியில் எதிர் அறையில் கணக்கு எழுதுகிறவன். நம் தொலைக்காட்சி நாடகங்களின் வரிக் கணக்கு என்னைவிட்டு அவரிடம் போனதிலிருந்து, கமிஷன் கொடுத்துப் பிடித்தார் என்று பதினொரு வருடம் சொல்லித் திரிந்தேன்.

சென்னையிலிருந்து ஒளிப்பதிவாளரை அழைத்தால், அவர் சம்பளத்துக்கான வரியைத் தயாரிப்பாளர் பிடித்துக் கட்ட வேண்டும். ஆனால் பேரத்தில் நாம் என்ன சொல்கிறோம்? "சுத்தமா பத்தாயிரம் வெள்ளி!" முழுத்தொகையும் கைக்கு வரும் என்று வந்தவர் நினைக்கிறார். அப்படியானால் வரி யார் பணம்?

சென்ற ஆண்டு, இதோ மேடையில் இருக்கும் தயாரிப்பாளர் திரு கன்னையாவிடம் தம்புசாமி அதைத்தான் கேட்டார். கதவு திறந்திருந்தது. என் காதால் கேட்டேன்.

"சுத்தமான்னா வரி யாரு கட்டுறது பாஸ்?"

"பார்த்துக்கலாம் லா அண்ணே. ஷூட்டிங் முடியட்டும்."

"முடிஞ்சா ஆளு பிளைட் ஏறிடுவாரு. அப்புறம் உங்க கழுத்துதான்."

"உங்க வாயில நல்லதே வராதா?"

படப்பிடிப்பு முடிந்தது. ஒளிப்பதிவாளர் போய்விட்டார். வரி கட்டவில்லை. தம்புசாமி மாரடைப்பில் இறந்த ஒன்பதாம் நாள், கட்டாத வரியைக் கேட்டுக் கன்னையாவுக்கு வரி இலாகாவின் கடிதம் வந்தது. பத்தாம் நாள் இராஜம்மா அக்காவின் வீட்டுக்குத் தட்டச்சிட்ட ஒரு தாள் போனது. 'வரி விஷயத்தைத் தயாரிப்பாளருக்குத் தெரிவிக்க என் கணவர் மறந்துவிட்டார்.' கீழே அக்காவின் கையெழுத்துக்கு ஒரு கோடு!

மறந்தாரா தம்புசாமி? அக்கா கோப்புகளை என்னிடம் கொடுத்தார். குற்றம் அகப்படாதா என்ற ஆசையோடுதான் பிரித்தேன். வாடிக்கையாளர் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றே எழுதி, அவரிடமே சுருக்கொப்பம் வாங்கி வைத்திருக்கிறார்! "பார்த்துக்கலாம் லா" என்பதுகூட இருக்கிறது. பக்கத்தில் கன்னையாவின் ஒப்பம் இருக்கிறது. கமிஷன் எங்கும் இல்லை. நான் சொன்னது அவதூறு. இந்தச் சபையில் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பாராட்டிய ஏழு பேரில் எத்தனை பேருக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியும்? மாலையிட்ட கைகளில் எந்தக் கை அதைத் தட்டச்சிட்டது? மேடையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லையே!

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை இந்தக் கோப்புகளோடு வரி அதிகாரியின் முன்னால் உட்காருவேன்.

அக்கா, கூட்டம் முடிந்ததும் உங்களைத் தனியே அழைத்துத் தேநீர் கொடுப்பார்கள். குடியுங்கள். பிறகு பேனா கொடுப்பார்கள். வாங்காதீர்கள்.