பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தவள்

புளிச்சோறு கட்டுவதென்றால் நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும், டாக்டர். அப்போதுதான் மறுநாள் வரைக்கும் கெடாமல் இருக்கும். எங்கள் காங்கேயம் பக்கம் மாசமாக இருக்கும் பெண்ணை அழைத்துப்போக அவளுடைய பிறந்த வீட்டு ஆட்கள் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். ஏழாம் மாதம், இல்லாவிட்டால் ஒன்பதாம் மாதம். கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தாய் இல்லாத பெண்களுக்கு நானே என் வீட்டில் சோறு கிளறிக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் இதைக் கேட்க வரவில்லை, தெரியும். முப்பத்தோரு வருடம் கிராம சுகாதார நர்ஸாக வீடு வீடாகப் போய்ப் பேசியவளுக்கு வாய் இப்படித்தான் வரும். மாசாணியம்மாள் வந்தால் சட்டியில் சோறு காந்தும் வரை பேசுவாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனால் இன்றைக்கு எதையும் மறைக்கப் போவதில்லை.

என் துணை சுகாதார நிலையத்துக்கு நான்கு சிற்றூர்கள். அவற்றுக்கு நடுவில் அந்தக் கரி ஆலை. தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, சுட்டுக் கரியாக்குவார்கள். சுட்ட கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் போகும். ஆலை வந்த மூன்றாம் வருடம் கிணற்றுத் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. குழாயில் வரும் போர்வெல் தண்ணீரின் நிறம் மாறவில்லை, வாடை மட்டும் அடித்தது. எங்கள் நிலையத்தின் கட்டடம் ஆலைக்காரர்கள் கட்டிக்கொடுத்தது. என் மகன் எழிலுக்கு அவர்களுடைய லேபில் வேலை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று வருடத்தில் செத்துப் பிறந்த பிள்ளைகள் ஒன்பது. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் மொத்தமே இரண்டு.

நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. பிரசவம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும். எங்கள் ஊர் மருமகள்கள் எல்லாரும் உடுமலைப்பேட்டை, தாராபுரம் என்று வெளியிலிருந்து வாழ வந்தவர்கள். தொட்டுப் பார்த்தால் பிள்ளையின் வளர்ச்சி என் கைக்குத் தெரியும். சரியில்லை என்று பட்ட வயிறுகளை ஐந்தாம் மாதத்திலேயே பிறந்த வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாவது பிரசவத்துக்கு வழக்கமாக யாரும் போவதில்லை. அவர்களையும் அனுப்பினேன். "அம்மா கையால சாப்புட்டாத்தான் கண்ணு ஒடம்புல ஒட்டும்" என்பேன். நர்ஸம்மா சொன்னால் மாமியார்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

பிள்ளைகள் அங்கே போய் இறந்தன. என் பதிவேட்டில் பூஜ்யம். அதற்காக மாவட்டத்தில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன் என்பதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெறும் கையோடு திரும்பிவந்த ஒவ்வொருத்தியையும் போய்ப் பார்த்தேன். ஒருத்தியிடம் கொடி சுற்றிவிட்டது என்றேன். இன்னொருத்தியிடம் சர்க்கரை என்றேன். இன்னொருத்தியிடம் ரத்தம் பத்தவில்லை என்றேன். நான்கு ஊரிலும் சேர்த்து எட்டுப் பேர், அதில் ஒருத்திக்கு இரண்டு முறை. ஒவ்வொருத்தியும் தன் உடம்பில்தான் குறை என்று தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை வீட்டுக்குள்ளும் போய்வந்தவள் நான் ஒருத்திதான்.

பிறகு ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டார்கள். சுற்றுச்சூழல் அறிக்கையில் மக்களின் உடல்நலமும் வர வேண்டும் என்று கோயமுத்தூரிலிருந்து இஃப்ரா என்ற பெண் வந்தாள். நல்ல பெண். சரியான கேள்வியைத்தான் கேட்டாள்.

"செத்துப் பொறந்தது எத்தனைங்க?"

"ஒண்ணுகூட இல்ல கண்ணு. நோட்டப் பாரு."

"நல்லதுங்க. இருந்தாலும் நாலு ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போறேனுங்க."

"இந்த வெயில்லயா? மொதல்ல சாப்புடு வா. நோட்டுல இல்லாததையா ஊட்டுல சொல்லிப்போடுவாங்க?"

சிரித்துக்கொண்டே வந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்தாள். அறிக்கையில் உடல்நலத்துக்கு ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் என் பூஜ்யம்.

கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. எல்லாரும் வேலை, ரோடு என்று பேசினார்கள். கடைசியில் பிரான்சிஸின் மனைவி கிருபா எழுந்தாள். இரண்டு பிள்ளைகளை உடுமலைப்பேட்டையில் புதைத்தவள். மூன்றாவது அப்போது வயிற்றில் நான்கு மாதம். அவளுடைய அம்மாவும் அந்த வருடம் இறந்திருந்தாள். பிரசவம் பார்க்க அம்மா இல்லாத வீட்டுக்கு இனி அனுப்பிவைக்க முடியாது.

"ஏனுங்க, எனக்கு ரெண்டு போயிருச்சுங்க. இந்தக் கொழாத் தண்ணியக் குடிக்கலாமுங்களா, வேண்டாமுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க."

"மினரல் வாட்டர்லயே குளிக்க வெய்யி பிரான்சிஸு" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். நான் மைக்கை வாங்கினேன்.

"நம்ம ஊர்ல அப்படி ஒரு கொறையும் இல்லீங்க. நோட்டுல பூஜ்யமுங்க. கிருபா, உனக்கு ஒடம்புவாகு அப்படி. பயப்படாமக் குடி கண்ணு."

"நீங்க சொன்னாச் சரிங்க நர்ஸம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். ஆலைக்கு அனுமதி கிடைத்தது.

எட்டாம் மாதம் அவளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். பெண் குழந்தை. நகமெல்லாம் முழுதாக வளர்ந்திருந்தது. மூச்சு மட்டும் இல்லை. "ராசியில்லாத வயிறு" என்று மாமியார் வராந்தாவில் நின்று சொன்னது உள்ளே கேட்டது. கிருபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத்தானுங்க நர்ஸம்மா செரமம்" என்றாள். ஒரு மாதம் கழித்து பிரான்சிஸ் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். திரும்பக் கூப்பிடவில்லை. அந்த அண்ணன் போட்ட மனுவால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தண்ணீரால்தான் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே என்றும் சொன்னேன். சோதிக்கக் காரணம் இல்லாமல் செய்தவள் நான் என்பதைச் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை.

நேற்று என் பேரனைத் தூக்கிக் கொஞ்சினீர்கள். நல்ல எடை என்றீர்கள். ஈரோட்டில் பிறந்தவன். பிறந்த வீட்டில்தானே பிரசவம், அது வழக்கம்தானே என்று நீங்கள் மேலே கேட்கவில்லை. என் மருமகள் மேக்னாவை நான் அனுப்பியபோது அவளுக்கு நாள் தள்ளி நாற்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. கட்டுச்சோறு இல்லை, விருந்து இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, முதல் பஸ்.

பஸ் ஸ்டாப் குழாயில் கிருபா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, இத்தன வெரசாவுங்களா?"

"அவங்கம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்ல கண்ணு."

வழிக்கு வேண்டுமென்று மேக்னா பாட்டிலைக் குழாயடியில் நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம், ஈரோடு போய்க் குடித்துக்கொள்ளலாம் என்றேன்.

அதற்குள் கிருபாவின் குடம் நிறைந்துவிட்டது. மாசமானவள், தனியாகத் தூக்க முடியாது. அவள் இடுப்பில் நான்தான் ஏற்றிவிட்டேன்.