முதலில் போய்ச் சேர்ந்த வண்டி

மாதேஸ்வரி: தக்காளி மண்டி வாட்ஸ்அப் குரூப்புல அந்தப் போட்டோவப் போட்டது நீங்கதான, ஆஞ்சப்பண்ணா?

ஆஞ்சப்பன்: போண்டா ஆறிடும். எடுத்துக்கோ.

மாதேஸ்வரி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

ஆஞ்சப்பன்: எந்த மண்டி... ராயக்கோட்டையா? அதுல நானூறு பேரு இருக்கான். எவன் போட்டானோ...

மாதேஸ்வரி: நானூறு பேருல ஆம்புலன்ஸ் ஓட்டுறவரு நீங்க ஒருத்தர்தான். மச்சான் கிருஷ்ணப்பன் சேத்துவிட்டான், வெல பாத்துதான் வீட்டுக்குத் தக்காளி வாங்குறேன்னு நீங்கதான பெரும பேசினீங்க?

ஆஞ்சப்பன்: ...சட்னில காரம் ஜாஸ்தி.

மாதேஸ்வரி: அண்ணா!

ஆஞ்சப்பன்: சரி, போட்டேன். என்னாத்துக்கு இப்படிக் கத்துற? டீக்கடைல எல்லாம் திரும்பிப் பாக்குறான். வண்டிக்குள்ள ஏறி உக்காந்து திட்டு.

மாதேஸ்வரி: பாக்கட்டும். ஊரே பாத்தாச்சு, இனிமே என்னா? காலைல என் சித்தி பையன் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறான், 'அக்கா, இது உங்க வண்டியா'ன்னு. மேல நாட்டுத் தக்காளி பெட்டி என்ன வெலன்னு கெடக்குது. அதுக்குக் கீழ அந்தப் பைலட் பையன். வெள்ளச் சட்ட, ரத்தம், நொறுங்கின விமானம். அதுக்குக் கீழ ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்'. எவனோ கட்டைவிரல் வேற தூக்கியிருக்கான். ரோஜாவுக்குத் தூக்கினானா, அந்தப் பையனுக்குத் தூக்கினானான்னு தெரியல.

ஆஞ்சப்பன்: நான் அழிச்சிட்டேன்மா. அன்னைக்கே அழிச்சிட்டேன்.

மாதேஸ்வரி: நீங்க அழிச்சா? அது மாங்கா மண்டிக்குப் போயி, லாரி புக்கிங் குரூப்புக்குப் போயி, ஓசூர் கம்பெனி ஷிப்ட் குரூப்பு வரைக்கும் போயாச்சு. பெங்களூர்ல இருக்கிறவன் கன்னடத்துல தலைப்பு எழுதிப் போட்டிருக்கான்.

ஆஞ்சப்பன்: நான் என்ன, ஊருக்குக் காட்டணும்னா போட்டேன்? ஃபயர் சர்வீஸ் விமல்ராஜ் வெச்ச ஸ்டேட்டஸ் பாத்தியா நீ? 'விமான விபத்து, முதலில் களத்தில் நாங்கள்'னு! ரெண்டு கையும் இடுப்புல, பின்னால ஒடஞ்ச ரெக்க... எனக்கு வயிறு பத்திக்கிச்சு. தக்காளிக் கொடிய மிதிச்சிக்கினு, நட்டு வெச்ச குச்சியெல்லாம் பிடுங்கி எறிஞ்சிக்கினு முதல்ல ஓடினது முதலுதவிப் பையோட நீயும், கூட நானும். அவன் எப்போ வந்தான்? எல்லாம் முடிஞ்சப்புறம். மச்சான் போன் போட்டுச் சிரிக்கிறான், 'என்ன மாமா, ஃபயர்காரன் போயிட்டானாமே, உங்க வண்டி எங்க பஞ்சர் ஒட்டிக்கினு இருந்துச்சு'ன்னு. அதான் நம்ம போட்டோவப் போட்டேன். நேரத்தப் பாருங்கடான்னு.

மாதேஸ்வரி: நேரத்தக் காட்ட ஒரு ஆளோட மூஞ்சி வேணுமா?

ஆஞ்சப்பன்: நேரம் போட்டோவுக்கு அடியிலதான வருது! மூஞ்சிய மட்டும் வெட்டி எடுக்க எனக்குத் தெரியாதும்மா. உன்ன மாதிரி நான் காலேஜா போனேன்?

மாதேஸ்வரி: காலேஜ இழுக்காதீங்க. அந்தத் தோட்டத்துக்காரம்மா, சென்னம்மா, அவங்க எந்தக் காலேஜு போனாங்க? தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து அந்தப் பையன் மூஞ்சிய மூடினாங்க. ஃபயர்காரங்க போட்டோவுக்காக அதத் தூக்கினப்போ தெலுங்குல காறித் துப்புனாங்க. நமக்கு அது தோணல.

ஆஞ்சப்பன்: ஃபயர்காரன் செஞ்சதுக்கு நம்மள ஏன் சேக்குற?

மாதேஸ்வரி: சேக்காம? ரெண்டும் ஒரே கழுதங்கதான்.

ஆஞ்சப்பன்: ஓகோ. சரி, நான் அனுப்பினேன், தப்பு. எடுத்தது யாரு? சொல்லும்மா. போட்டோ எடுத்தது யாரு?

மாதேஸ்வரி: ஆபீஸ் குரூப்புக்கு எடுத்தேன். போய் எறங்கினதும் முதல் வேல அதுதான. இடம், நேரம், வண்டி நம்பர் எல்லாம் படத்துலயே விழணும். இல்லன்னா நாம போகவே இல்லன்னு எழுதிடுவாங்க. போன மாசம் பர்கூர் கேசுல போட்டோ போடலன்னு மெமோ குடுத்தாங்களா இல்லியா? நீங்களும்தான் பக்கத்துல நின்னு 'போட்டோ, போட்டோ'ன்னு கத்தினீங்க.

ஆஞ்சப்பன்: கத்தினேன். யாரு இல்லன்னா? அதான் சொல்றேன், நாளைக்குக் கிருஷ்ணகிரி ஆபீசுல விசாரணை. ரெண்டு பேரும் ஒண்ணே சொல்லணும். நாம போறப்பவே நாடி இல்ல. போட்டோ எடுத்தோம், ஆபீசுக்கு அனுப்பினோம். அப்புறம் அது எப்படி வெளிய போச்சோ, தெரியாது.

மாதேஸ்வரி: நாம போறப்பவே நாடி இல்ல.

ஆஞ்சப்பன்: அதேதான். எழுதியும் குடுத்தாச்சு. ஏன் ஒரு மாதிரி சொல்ற?

மாதேஸ்வரி: வேற எப்படிச் சொல்லணும்? பாட்டாப் பாடட்டா?

ஆஞ்சப்பன்: எங்கிட்டச் சீறு, பரவால்ல. அங்க போயி சீறாத. உங்கப்பா கல்லு குவாரில தூசியத் தின்னு உன்னப் படிக்க வெச்சாரு. உங்க சனத்துலயே டிகிரி வாங்கினது நீ ஒருத்தி. இந்த வேலையும் போச்சுன்னா மாங்கூழ் ஃபேக்டரில உங்கம்மா பக்கத்துல உக்காந்து தோலு சீவணும்.

மாதேஸ்வரி: சீவினா மாம்பாலு பட்டு கை புண்ணாகும். எண்ண தடவினா ஆறிடும்.

ஆஞ்சப்பன்: அய்யோ, உங்கூட பேசி... இரு இரு. யாரோ வர்றாங்க. ஆட்டோலருந்து எறங்கி நம்ம வண்டி நம்பரப் பாக்குறாங்க.

மாதேஸ்வரி: பேஷண்டா?

ஆஞ்சப்பன்: தெரியல. கையில போனு. நம்பரையும் போனையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க... என்னம்மா? யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?

ஷரீஃபுன்னிசா: இல்லண்ணே. தக்காளித் தோட்டத்துல விமானம் விழுந்தப்போ போனது இந்த வண்டிதானா?

ஆஞ்சப்பன்: நீங்க எந்த சேனலு? நாங்க எதுவும் பேசக் கூடாதும்மா, ஆபீசுல கேட்டுக்கோங்க.

ஷரீஃபுன்னிசா: நான் தானிஷோட அம்மா. எம் பேரு ஷரீஃபுன்னிசா. காவேரிப்பட்டினத்துலருந்து வர்றேன். விமானத்துல இருந்தது என் மகன். தனியா ஓட்டிப் பழகுறதுக்கு அன்னைக்குத்தான் அனுப்பினாங்களாம்.

மாதேஸ்வரி: உக்காருங்கம்மா. அண்ணா, உள்ள ஸ்டூலு இருக்கு, எடுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

ஷரீஃபுன்னிசா: வேணாம்மா. இன்னைக்கு மூணாம் நாள் பாத்திஹா, அவனுக்காக ஓதுறாங்க. வீடு நெறைய ஆளுங்க. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன், சீக்கிரம் திரும்பணும். படத்துக்கு அடியில உங்க வண்டி நம்பர் இருந்துச்சு. விசாரிச்சு விசாரிச்சு வந்தேன்.

ஆஞ்சப்பன்: அம்மா, அந்தப் படம்... ஊர்க்காரங்க யாரோ புகுந்து...

ஷரீஃபுன்னிசா: பயப்படாதீங்கண்ணே. சண்ட போட வரல.

மாதேஸ்வரி: உங்களுக்கு யாரும்மா காட்டினாங்க?

ஷரீஃபுன்னிசா: யாரும் காட்டல. அவங்க அத்தாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, மாங்கா வியாபாரம். தொழப் போயிருந்தாரு, போன் சார்ஜுல கெடந்துச்சு. மண்டி குரூப்புல டிங் டிங்னு வந்துக்கிட்டே இருக்கு. லோடு விஷயமோன்னு எடுத்தேன். பாத்துட்டு, 'யா அல்லாஹ், பெத்தவ எப்படித் தாங்குவா'ன்னு வாய்விட்டுச் சொன்னேன். யாரோ ஒருத்திக்காகச் சொன்னேன்மா.

மாதேஸ்வரி: அம்மா...

ஷரீஃபுன்னிசா: அப்புறம் பெருசு பண்ணிப் பாத்தேன். தோள்பட்டையில ஒரு பட்டன் நீல நூல்ல தெச்சிருந்துச்சு. வெள்ள நூல் தீந்துபோச்சுன்னு நான் தெச்சது. 'பசங்க சிரிப்பாங்கம்மா'ன்னான். போடா, அவ்ளோ ஒசரத்துல யாரு வந்து பாக்கப் போறாங்கன்னு அனுப்பி வெச்சேன்.

ஆஞ்சப்பன்: ...போதும்மா. வேணாம்.

ஷரீஃபுன்னிசா: நான் கேக்க வந்தது வேறண்ணே. நீங்க போறதுக்கு முன்னாடியே உசுரு போயிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க.

ஆஞ்சப்பன்: ஆமாம்மா. நாடி இல்ல. விழுந்த வேகத்துல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வலியே இருந்திருக்காது.

ஷரீஃபுன்னிசா: எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. எங்கிட்ட ரெண்டு படம் இருக்கு, பாருங்க. இது உங்களுது. இது தீயணைப்பு ஆளுங்களுது, அதுவும் வந்து சேந்துச்சு. உங்களுதுல நேரம் முந்தி. இதுல அவன் வலது கை மூஞ்சிக்கு முன்னால இருக்கு, வெரலெல்லாம் விரிச்சு. அவங்க படத்துல கை கீழ தொங்குது.

ஆஞ்சப்பன்: அது... நாங்க பெல்ட்ட அவுக்குறப்போ அசஞ்சிருக்கும்மா.

ஷரீஃபுன்னிசா: ரெண்டுலயும் பெல்ட்டு மாட்டித்தாண்ணே இருக்கு. ரெண்டு நாளா இதையே இழுத்து இழுத்துப் பாக்குறேன். கண்ணு தொறந்திருக்கு. வாயும் சும்மா தொறந்த வாய் இல்ல. 'ம்மா'ன்னு சொல்றப்போ நிக்குமே, அப்படி இருக்கு. நீ சொல்லும்மா. உசுரோட இருந்தானா? உன் வேலைக்கு என்னால ஒண்ணும் வராது. நாளைக்கு விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டாங்க, நான் போகமாட்டேன். அவங்க அத்தாகிட்டகூட சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

மாதேஸ்வரி: இருந்தாரும்மா.

ஆஞ்சப்பன்: மாதேசு!

மாதேஸ்வரி: கொஞ்ச நேரம்தான். கதவு நசுங்கிக் கெடந்துச்சு. நான் உள்ள கைய விட்டு பெல்ட்டத் தொடுறப்போ போயிட்டாரு. நாடி இல்லன்னு நாங்க எழுதிக் குடுத்தது பொய்.

ஷரீஃபுன்னிசா: ஏதாச்சும்... ஏதாச்சும் சொன்னானா?

ஆஞ்சப்பன்: சொன்னான்மா! 'அம்மா'ன்னான். இந்தக் காதால கேட்டேன். உங்களத்தான் கூப்பிட்டான். இவ அவன் கையப் புடிச்சிக்கினே இருந்தா. தனியா போகலம்மா உங்க புள்ள.

ஷரீஃபுன்னிசா: என்னக் கூப்பிட்டானா...

ஆஞ்சப்பன்: உங்களத்தாம்மா.

ஷரீஃபுன்னிசா: அப்போ நான் பாத்தது சரிதான். அல்ஹம்துலில்லாஹ்... எல்லாரும் அந்தப் படத்த அழி, அழிங்குறாங்க. கொழுந்தனாரு போனையே பிடுங்க வந்தாரு. நான் குடுக்கல. என் புள்ள என்னக் கூப்பிடுற படம் அது. எப்படி அழிப்பேன்? இனி தெனம் பாப்பேன். உம் பேரு என்னம்மா?

மாதேஸ்வரி: மாதேஸ்வரி.

ஷரீஃபுன்னிசா: நல்லா இரும்மா. நான் இருக்க வேண்டிய எடத்துல நீ இருந்திருக்க. அவன் கையப் புடிச்ச கை... குடு. ஒரு தடவ தொட்டுட்டுப் போறேன்.

மாதேஸ்வரி: வேணாம்மா. தொடாதீங்க.

ஆஞ்சப்பன்: மாதேசு, சும்மா இரு. உன் கால்ல விழுறேன். அவங்க நிம்மதியா போகட்டும்.

ஷரீஃபுன்னிசா: ஏன்? என்னம்மா?

மாதேஸ்வரி: இந்தக் கையில அப்போ போன் இருந்துச்சும்மா. அவரு உங்களக் கூப்பிடல. வெரல விரிச்சு மூஞ்சிய மறச்சது என்னப் பாத்துதான். 'போட்டோ வேணாங்க்கா... எங்கம்மா பாத்துடுவாங்க'ன்னாரு. நான் எடுத்தேன்.