நீலச் சட்டை

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது இல்லை. சும்மா சொன்னேன், நான் கைநாட்டு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில், பஸ் கிளம்புமுன் ரேஷன் கார்டை நகலெடுக்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, காணாமல் போன மகனுக்கு நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார்கள்.

"ரீஃபில் இங்க்குண்ணே, போட்டோவுல நீலச் சட்டை பச்சையா வருது. மஞ்சளக் கொறச்சா சட்டை சரியாயிரும், ஆனா மூஞ்சி நீலம் பாஞ்சிரும். எது சரியா வரணும்?" என்றார் கடைக்காரர்.

"மூஞ்சிதான்" என்றாள் அந்த அம்மா.

"சட்டைய சரி பண்ணுங்க தம்பி" என்றார் புருஷன்.

"சட்டைய வச்சா எம்புள்ளயத் தேடுவாக?"

"ஆத்தூர் டேம்ல தேடுறவகளுக்கு அதான் அடையாளம், தாயி" என்று புருஷன் அவள் தோளில் கை வைத்தார்.

அவள் அவர் கையை உதறினாள். "அப்ப புள்ள உசுரோட இல்லன்னு முடிவே பண்ணிட்டீகளா?"

அவர் பதில் சொல்ல வாயெடுக்கையில் வெளியே என் மச்சான் கத்தினான்: "ஏலே, பஸ்ஸ எடுக்குறான், வாடா!"