தாழ்வாரத்தில் கூவிய எடை

"எடையைக் குறையுங்கள்" என்று நாம் சொல்லும்போது, எதிரில் இருக்கும் பெண்ணின் காதில் என்ன விழுகிறது? எனக்கு விடை தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டே, அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவருக்கும், எனக்குப் பாடம் சொன்ன முன்வரிசை ஆசிரியர்களுக்கும், இரவுப்பணி முடித்து உறங்காமல் வந்திருக்கும் செவிலித் தாய்மார்களுக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் மருத்துவமனையில் நடந்தது இது. எடைக்கருவி எங்கே இருந்தது? தாழ்வாரத்தில், காத்திருப்போரின் கண்ணெதிரே! ஊழியர் எடையைக் கூவுவார். உள்ளே செவிலியர் குறித்துக்கொள்வார். வேலை விரைவாக முடிய நாங்களே செய்த ஏற்பாடு.

தையற்கடை நடத்தும் ஓர் அம்மாள் நாத்தனாருடன் வந்தார். ஏறி நின்றார்.

"நூத்தி நாலு! பாத்து எறங்குங்கக்கா, மெஷினு தாங்காது!"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். அன்று பெஞ்சில் இருந்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். "உடைஞ்சா புதுசு வாங்கித் தரேன் போப்பா" என்றார். செருப்பை மாட்டினார். என் அறைப்பக்கம் திரும்பாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

நாத்தனார் என்னிடம் ஓடிவந்தார். "அண்ணிக்கு மாதவிலக்கு நின்னு வருஷக்கணக்காச்சு டாக்டர். இப்ப திரும்ப ரத்தம் படுது. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டியாந்தேன். இனிமே வருவாங்களா?"

அது கருப்பைப் புற்றின் அறிகுறியாக இருக்கலாமே என்று அதிர்ந்து போனேன். உடல் பருத்த பெண்ணுக்குக் கருப்பையில் புற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்று பாடம் நடத்துகிறவர்கள் யார்? நாம்! அந்தப் பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் யார்? நாம்! அளந்து உண்ணச் சொல்கிறோம், அன்றாடம் நடக்கச் சொல்கிறோம்; அதைக் கேட்கவாவது அவள் உள்ளே வர வேண்டாமா?

"ஊழியரைக் கண்டித்தீர்களா?" என்கிறார் ஒருவர். அவரை மட்டும் ஏன் ஐயா? கருவியை அங்கே வைத்தது அவரா?

கதவுள்ள அறைக்குள் எடை பாருங்கள். எந்தத் தொல்லைக்காக வந்தாள் என்று முதலில் கேளுங்கள். எடையைப் பற்றிப் பேசலாமா என்று அவளிடமே அனுமதி கேளுங்கள். உறக்கமின்மையா, மாத்திரையா, பிரசவமா, நாளெல்லாம் உட்கார்ந்த வேலையா, எது எடையை ஏற்றியது என்று கேளுங்கள். கேளுங்கள், கேட்டபின் சொல்லுங்கள்! இதனால் மட்டும் எடை குறைந்துவிடுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மறுபடி வருவாள் என்றாவது நம்பலாம்.

பொறுமையுடன் கேட்ட அவைக்கு நன்றி. மறுநாள் நடந்ததைச் சொல்லி அமர்கிறேன். முந்தின நாள் மாலையே நான் அந்த அம்மாளிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். காலையில் இருவரும் வந்தார்கள். எடை பார்க்கவில்லை. கதவைச் சாத்தினோம். "பயமா இருக்கு டாக்டர்" என்றார் அந்த அம்மாள். கருப்பையிலிருந்து திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

வணக்கம்.